பன்னிரண்டு விளக்கும் ஒரு பெல்லும்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை

தோஸ்த் இன்பசேகரனுக்கு,

காஷிஃபின் சலாம். கோயம்புத்தூர்த் தண்ணீரும் ஜெமியின் சமையலும் உனக்கு ஒத்துப்போயிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு தொப்பை போட்டிருப்பாய். வீடியோவில் கையால் பேசினால் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

நாம் சேர்ந்திருந்த அறையில்தான் இன்னும் இருக்கிறேன். ஷூ கம்பெனியில் நம்மைப்போல் காது கேளாதவர்கள் இப்போது கம்மி. என் லைனில் நான் ஒருவன்தான். கையசைத்துப் பேச ஆளில்லாமல் பேஜாராக இருக்கிறது.

வாசல் பெல்லுக்கு நீ செய்து கொடுத்த விளக்கை நான் கெடுத்துவிட்டேன். திட்டாதே. ரம்ஜானுக்கு வருகிறேன் என்றாய் அல்லவா? அடுப்படியில் இருந்தாலும் குளியலறையில் இருந்தாலும் நீ வந்தது தெரிய வேண்டும் என்று, ஒரு எல்.ஈ.டி. இருந்த இடத்தில் பன்னிரண்டு மாட்டினேன். எல்லாவற்றையும் அந்தக் குட்டிச் சிப்பின் ஒரே கம்பிக் காலில் கோத்தேன். பெருநாளுக்கு முந்தின நாள் மங்கலாக எரிந்தது, போதும் என்று விட்டுவிட்டேன்.

பெருநாளன்று இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆபித் பாஷா ஜன்னலில் கையாட்டினார். ரொம்ப நேரமாகப் பெல் அடித்தாராம். அப்போதுதான் சிப் செத்துப்போனது தெரிந்தது.

போன மாதம்தான் வேலூர் போக முடிந்தது. லாங் பஜார் எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் போனில் தட்டிக் காட்டினார்: "இன்னா பாய், ஒரு கால் மேல இவ்ளோ பாரமா? நடுவுல டிரான்சிஸ்டர் போடக் கூடாதா?" சிப் உத்தரவு கொடுத்தால் போதும், கரண்டை டிரான்சிஸ்டர் சுமந்துகொள்ளுமாம். பி.சி.547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் நூறு மில்லி ஆம்பியர்தான் தாங்கும், நம் பன்னிரண்டுக்கு இருநூற்று நாற்பது வேண்டும். விளக்கை மங்கலாக்கினால் அதுவே போதும் என்றார். நான் ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய 2என்2222 வாங்கினேன், சிப்பும் புதிது. இப்போது அறையே பளிச்சென்று ஆகிறது. தினமும் வாசலில் நின்று நானே அழுத்திப் பார்க்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. விளக்கு கெட்டுக் கிடந்தவரை, பெருநாளுக்கு நீ வந்து, பெல் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் ஏன் மெசேஜ் போடவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை. இன்னொரு நாளும் வந்திருப்பாய் என்றுகூட நினைத்தேன். இப்போது எல்லாம் சரியாக வேலை செய்கிறது. யாரும் வரவில்லை என்பது நன்றாகத் தெரிகிறது.

அல்லாஹ் உன்னையும் ஜெமியையும் நலமாக வைக்கட்டும். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வேலைதான் முக்கியம். கிடைத்தால் மட்டும் வா, முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பெல்லை அழுத்து, போதும்.

உன்
காஷிஃப்