ருசி பார்த்த பர்மா அரிசி

ரங்கூன்,
12.02.1955

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? வட்டக்கச்சி வயலில் அரிவி வெட்டு முடிந்ததா?

இங்கே நம் நாட்டுக்கு அரிசி வாங்கும் ஒப்பந்தப் பேச்சு இழுபடுகிறது. நேற்று பர்மாக்காரர் தங்கள் அரிசியைச் சமைத்துப் பரிமாறினார்கள். குறை சொன்னால் விலை இறங்கும் என்று எங்கள் குழுவின் பெரியவர் காத்திருந்தார். டைப் அடிக்க வந்த நான் நெல் விளைவிக்கிற கமக்காரன் மகன் என்பதால் என்னிடமே ருசி கேட்டார். "வைச்ச சோத்தைக் குறை சொல்லப்படாது" என்று நீங்கள் வளர்த்த வாய், நல்ல சோறு என்று சொல்லிவிட்டது. விலை இறங்கவில்லை.

இன்று என்னைப் பேச்சு நடக்கும் அறைக்கு வெளியே இருத்தியிருக்கிறார்கள். நீங்கள் யோசிக்க வேண்டாம். இந்தப் பக்கம் யாராவது கப்பலேறினால் நம் புழுங்கலரிசி இரண்டு கொத்து கொடுத்துவிடுங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

அந்தச் சோற்றில் சாக்கு மணம், அம்மா. பங்கீட்டுக் கடையில் கூப்பன் அரிசியாக அது உங்களுக்கும் வரும். நீங்களாவது குறை சொல்லுங்கள்.

மகன்,
கனகலிங்கம்