மூடாத ஜன்னல் திரை

ஜோகுபாளையம், பெங்களூரு
ஞாயிறு

அன்புள்ள நிருபமாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அதற்குமேல் நல்லபடியாக எழுத எனக்கு மனசு வரவில்லை. போனில் கேட்டால் லேபில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், முழுதும் படி. நேற்று உன் ஜூனியர் பாமா வந்தாள், உட்காரச் சொன்னால் நின்றுகொண்டே அழுகிறாள். நீ விட்டுப்போன வேலையைத்தான் எட்டு மாதமாகச் செய்கிறாள், அந்தப் போர்ஃபைரின் என்கிற சாயத்தில் சர்க்கரையை ஒட்டி, விளக்கு வெளிச்சம் காட்டி, இன்னொரு ரசாயனத்தை ஆக்ஸிஜனேற்றுகிற வேலை. சர்க்கரை ஒட்டினது மூன்று மடங்கு வேகம் என்று நீ பேப்பர் போட்டாய். அவள் எத்தனை தரம் செய்தாலும் ஒட்டினதும் ஒட்டாததும் ஒரே வேகம்தானாம். உனக்கு இந்த வேலை வராது, வீட்டுக்குப் போ என்று ப்ரொபசர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அத்திபெலேயிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற பெண். வியாழக்கிழமை கமிட்டி கூடி அவளை ஆராய்ச்சியிலிருந்தே நிறுத்திவிடப் போகிறார்களாம்.

அவளுக்கு அந்த வேகம் வராத காரணம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பேப்பர் வந்த வாரம் தோசை தின்றுகொண்டே சொன்னாய், சர்க்கரை ஒட்டின குடுவைக்குப் பக்கத்து ஜன்னலில் திரையை மூட மறந்துவிட்டேன், மத்தியான வெயில் முழுக்க அதன்மேல்தான், மற்றதற்கு உள்மூலையில் விளக்கு மட்டும்தான் என்று. வேகம் வெயிலால் வந்தது, சர்க்கரையால் இல்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும், போகட்டும் விடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது என்ன செய்வது? அந்தப் பேப்பரைக் காட்டித்தானே உனக்கு அங்கே இடம் கிடைத்தது. பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்கிறார் அப்பா. நேற்றிலிருந்து அவரோடு எனக்குப் பேச்சில்லை.

பாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. நேராக ப்ரொபசரிடம் ஓடுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்காவே சொல்லட்டும் ஆன்ட்டி, நான் போய்ச் சொன்னா அக்கா பேரு கெட்டுடும்” என்றாள். வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கிறாளாம். என் வயிற்றில் பிறந்த நீ, உன்னைக் காப்பாற்றுகிறவளையே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய் என்று வெட்கமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, காலுக்கு உறை போட்டுக்கொள், எங்கிருந்தாலும் நன்றாக இரு. புதன்கிழமைக்குள் ப்ரொபசருக்கு ஜன்னல் விஷயத்தை எழுதிவிடு. எழுதாவிட்டால் வியாழன் காலை கமிட்டி முன்னால் பாமாவோடு நானும் போய் நிற்பேன். யார் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்லி, அவள் அம்மா என்றுதான் நிற்பேன்.

உன் அம்மா,
சுப்புலக்ஷ்மி