தங்கையின் தட்டில் புளித்த கோஸ்

டிசம்பர் 3
பன்றி அறுத்தோம். அப்பா கோடாலியின் பின்புறத்தால் நெற்றியில் அடித்தார். முதல் அடியில் விழவில்லை. இரண்டாவது அடியில் அலறிக்கொண்டே என் கால்மேல் சரிந்தது. ரத்தம் பிடிப்பது என் வேலை. தங்கை ட்ரூஸில்லா காய்ச்சலோடு ஜன்னலில் நின்று பார்த்தாள். லங்காஸ்டர் சந்தையில் ஒட்டிக்கொண்டு வந்த காய்ச்சல். எங்களுக்கெல்லாம் வந்து போய்விட்டது. ஆறு வயதுக்காரியை மட்டும் விடவில்லை.

டிசம்பர் 11
காய்ச்சல் போயிற்று, தடிப்பு வந்திருக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து, வயிறு, தொடை எல்லாம் சிவந்து வீங்குகிறது. ரத்தம் வரும்வரை சொறிகிறாள். நோயாளி வீடு என்று அக்கம்பக்கத்தார் புகைபோட்ட தொத்திறைச்சியும் நாள்கணக்கில் கொதித்த எலும்புச் சாறும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். தின்றால் தேறுவாளாம். அம்மா ஊட்டுகிறாள்.

டிசம்பர் 16
நேற்று நான்தான் சமைத்தேன். அப்போது அறுத்த கோழி, வெறும் உருளைக்கிழங்கு. தடிப்பே இல்லை. இன்று தொத்திறைச்சி — முகம் முழுக்க வீங்கிவிட்டது. நாள்பட்டதுதான் இவளைப் படுத்துகிறதோ? அப்பாவிடம் சொல்லக் கதவுவரை போனேன்.

டிசம்பர் 17
சொல்லவில்லை.

ஜனவரி 1
வருஷப் பிறப்புக்குப் பன்றிக்கறியும் புளித்த கோஸும். ஒருத்தர் ஒதுக்கினாலும் வருஷம் முழுக்க வீடு விளங்காது என்பார் அப்பா. ட்ரூஸில்லா வாயை இறுக்கிக்கொண்டாள். அப்பா அவள் தாடையைப் பிடித்து அழுத்தினார். "வாயத் தொறடி. ஒன்னால நாங்க வருஷம் பூரா நாசமாப் போகணுமா?" முள்கரண்டி பட்டுப் பால்பல் உடைந்தது. ரத்தமும் கோஸுமாக விழுங்கினாள். நான் அவர் கையைப் பிடித்தேன். புறங்கையால் ஒரு அறை. அடுப்பில் போய் மோதினேன். காது இன்னும் இரைகிறது. எங்க ஆமிஷ் சபைக்காரங்க கையே ஓங்க மாட்டாங்களாம் — யார் சொன்னது?

பிறகு அவள் உதடு நீலமாயிற்று. மூச்சு விசில் அடித்தது. வீட்டுக்குள் போன் வைக்கச் சபை விடாது; அம்மா பனியில் ரோட்டோர போன் கொட்டகைக்கு ஓடினாள்.

ஜனவரி 3
பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ் விளக்கினாள். எட்டாவதோடு நின்ற எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தோலிலும் குடலிலும் மாஸ்ட் செல் என்று காவல் செல்கள் உண்டு. வைரஸோடு சண்டை போட்டவை, சிலருக்கு அது போன பிறகும் அடங்குவதில்லையாம். தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும் ஹிஸ்டமினை எடுத்ததற்கெல்லாம் வாரி இறைக்கும். புளித்ததிலும் நாள்பட்ட கறியிலும் அதே ஹிஸ்டமின் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது.

"இது சேரலன்னு வீட்ல ஒருத்தருக்குமா தோணல?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா முணுமுணுத்தார். பரம்பரையாகத் தின்கிற கோஸ் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு விஷமாம்.

ஜனவரி 6
அப்பா மறுபடி ஒரு கிண்ணம் கோஸை ட்ரூஸில்லா முன் வைத்தார். வருஷத்துக்காக ஒரு வாயாவது உள்ளே போய்த் தங்கணுமாம்.

கோடாலியை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். கோஸ் ஜாடிகள் ஒவ்வொன்றாக — உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது, ஓடு ஒன்று கன்னத்தைக் கிழித்தது, நிறுத்தவில்லை. அப்பா படியிறங்கி வந்து கை ஓங்கினார்.

"இன்னொரு தடவ அவ வாயில வெச்சீங்கன்னா..."

அவர் என் கையையே பார்த்தார். பன்றிக்குப் பிடிப்பதுபோலக் கோடாலியின் பின்புறத்தை முன்னால் திருப்பிப் பிடித்திருந்தேன். கையை இறக்கிவிட்டு மேலே போய்விட்டார்.

அடித்திருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 2
அப்பா என்னோடு பேசுவதில்லை. தங்கைக்குப் புதிதாகச் சமைத்தது மட்டும். தடிப்பு குறைகிறது.

டிசம்பர் 2
பன்றி அறுத்தோம். ஒரே அடி. சூடு ஆறுமுன் அப்பா முதுகுக் கறியில் ஒரு துண்டு வெட்டி அம்மாவிடம் நீட்டினார். "இத இப்பவே பொரி. சின்னவளுக்கு."

ரத்தச் சட்டியை என்னிடம் தந்தார். கோடாலியைக் கழுவி, எனக்கு எட்டாத ஆணியில் மாட்டினார்.