பயிற்சிக் கூடத் திரையில் காட்டப்படும் என் பருத்தி வயல்

அனுப்புநர்:
பருத்தி விவசாயி,
கால்வாயின் கடைசி வயல்.

பெறுநர்:
வேளாண்மை அலுவலர் அவர்கள்,
வேளாண்மை விரிவாக்க மையம்.

பொருள்: உரம், பயிர் இடைவெளி வகுப்பில் காட்டப்படும் படத்தைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா,

சென்ற வாரம் தாங்கள் நடத்திய வகுப்பில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 'இப்படிச் செய்யாதீர்கள்' என்ற தலைப்பில் திரையில் வந்தது என் வயல். அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் நான்.

படத்திலுள்ள குற்றம் உண்மை. இரண்டடிக்கு ஒரு செடி என்று தாங்கள் சொன்ன இடத்தில் நான் ஒரு சாண்தான் விட்டேன். இலை வெளுத்தால் யூரியா, வெளுக்காவிட்டாலும் யூரியா. செடி என் தலைக்கு மேல் போயிற்று. வெயில் உள்ளே இறங்காமல் அடிக்காய்கள் அழுகின. பக்கத்து வயலின் இடுப்பளவுச் செடிகள் கொடுத்த பஞ்சில் பாதிகூட எனக்குத் தேறவில்லை. "மாமா, மரம் வெட்ட எப்ப ஆள் விடுறீங்க?" என்று மைத்துனன் கேட்டான். கேட்கட்டும், எனக்குப் பட்டால்தான் புத்தி வரும்.

ஆனால் படம் எடுத்த விதத்தைத் தாங்கள் அறிய வேண்டும். தங்கள் களப்பணியாளர் வந்து, "அண்ணே, செடிகிட்ட நில்லுங்க, உயரம் தெரியட்டும்" என்றார். பரிசுக்குத்தான் என்று நினைத்துவிட்டேன் ஐயா. வீட்டுக்கு ஓடிச் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்ற மனைவியையும் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன். எழுதவே கூசுகிறது.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழி தெரியாமல் நானும் சிரித்தேன். என் மனைவி பஞ்சு பறிக்கும் பெண்கள் குழுவின் தலைவி. அவள் சொன்னால் மறுபேச்சில்லை என்றிருந்த குழு, வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இப்போது அவளை 'மரத்தடி அக்கா' என்கிறது. அன்றிலிருந்து அவள் பறிப்புக்குப் போகவில்லை. குழுவுக்கு வேறு தலைவி பார்க்கிறார்கள்.

முளைத்தவுடனேயே, "பாதியப் பிடுங்கி விடுங்க, செடி மூச்சு விட வேணாமா?" என்றவள் அவள். முளைத்த பயிரைப் பிடுங்குவது பாவம் என்று அதட்டி அவள் வாயை அடைத்தவன் நான். யூரியா மூட்டையை ஒருமுறை ஒளித்தும் வைத்தாள். நான் தேடி எடுத்துவிட்டேன்.

அடுத்த வகுப்பு வரும் திங்களன்று. படத்தையே எடுத்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. வயலும் நானும் திரையில் இருக்கட்டும், நாலு பேருக்குப் பாடமாகும். என் மனைவியை மட்டும் அதிலிருந்து நீக்க உத்தரவிடும்படி தலைகுனிந்து வேண்டுகிறேன். படத்தில் அவள் சிரிக்கவில்லை என்பதைத் தாங்களே பார்க்கலாம்.

நாள்: நவம்பர் 12
இடம்: கால்வாயின் கடைசி வயல்

இங்ஙனம்,
(கையொப்பம்)
படத்தில் சிரிப்பவன்