நார்த்தூளை அலசிப் போடுங்கள், அத்தை

மார்ச் 4

என் கண்ணுக்கு,

மருமகளே என்று எழுதிவிட்டு அடித்தேன். கோர்ட்டில் எல்லாம் முடிந்த பிறகு உன்னை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசலாம்தான். உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அடுத்த அறையில் அவன் இருப்பான்.

பால்கனியில் நீ விட்டுப்போன தொட்டிகளில் தக்காளி நட்டிருக்கிறேன். தேங்காய் நார்த்தூள் கட்டி ஒன்று வாங்கி, உடைத்து, மண்ணோடு கலந்தேன். மிஞ்சுகிற டீயையும் தினம் ஊற்றுகிறேன். இலை ஓரமெல்லாம் தீய்ந்து போகிறது, எறும்பு வேறு ஊர்வலம் போகிறது. "எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்கிறான் உன் ஆள். உன் ஆள் இல்லை, என் மகன். உன் தொட்டிகள் சும்மா கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் போனாயே, அது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தை

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

பாலும் சர்க்கரையும் போட்ட டீயையா ஊற்றினீர்கள்? செடிக்கு விருந்து என்று எறும்புக்கு வைத்திருக்கிறீர்கள்! நான் வேலை பார்க்கும் செடி நர்சரியில் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டேன். அப்புறம் காலித் தொட்டிகள் அடுக்கியிருக்கும் பின்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன்.

இலை தீய்வது உப்பால். நார்த்தூளில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுத்தான் போட வேண்டும். மண்ணை மாற்றிவிடுங்கள். தோட்ட மண் ஒரு பங்கு, அலசிய நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, அவ்வளவுதான். கூட ரெண்டு பிடி அள்ளிப் போடாதீர்கள், உங்களுக்குக் கை தாராளம்.

சொல்லிக்கொள்ள வந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன் அத்தை. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் படி இறங்குவேன்? அந்த வீட்டில் என்னோடு பேச இருந்தது நீங்கள் ஒருத்தர்தான். இங்கே இருப்பது ஒரே அறை, ஆனால் ரெண்டு கட்டில் போடலாம். ஒரு வாரம் வந்து இருங்களேன்.

உங்கள் மகள்
(இப்படி எழுதினால் கோர்ட்டு ஒன்றும் செய்யாது.)

மே 20

என் மகளுக்கு,

அலசினேன். முதல் தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி இறங்கியது. செடி பிழைத்துக்கொண்டது, காய்க்கவும் செய்தது. ஆனால் காயெல்லாம் அடியில் கறுத்துப்போகிறது. சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்றாள் எதிர்வீட்டுக்காரி. அக்கம்பக்கத்தில் முட்டை ஓடு வாங்கி நொறுக்கிப் போட்டேன், கறுப்பு போன பாடில்லை. முட்டி வலிக்கிற நாளில் பால்கனிக்குப் போக முடிவதில்லை. விட்டதற்கும் சேர்த்து அடுத்த நாள் ஊற்றிவிடுகிறேன்.

உன்னிடம் வரத்தான் ஆசை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். "எங்க கிளம்பிட்டே?" என்றான். தூசி தட்ட என்று சொல்லித் திரும்ப ஏற்றிவிட்டேன்.

என் தங்கை அவனுக்குப் பெண் பார்க்கிறாள். இதை உன்னிடம் எழுதக்கூடாதுதான். வேறு யாரிடம் சொல்வேன்?

அத்தை

மே 27

அன்புள்ள அத்தைக்கு,

முட்டை ஓடு மக்குவதற்குள் இந்தச் செடியின் ஆயுசே முடிந்துவிடும். மண்ணில் சத்து இருக்கிறது, காய்க்குப் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்றால் எப்படி ஏறும்? கொஞ்சமானாலும் தவறாமல் ஊற்றுங்கள். ஈரம் காயாமல் இருக்க மேலே சருகு பரப்புங்கள்.

உங்கள் மகனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு நாள் தலையில் தூக்கி வைத்து ஆடுவார். அப்புறம் பத்து நாள் வாயே திறக்க மாட்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு அங்கேயே இருந்திருப்பேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அவர் நன்றாக இருக்கட்டும், கல்யாணம் செய்துகொள்ளட்டும். நீங்கள் வந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு இல்லை, இங்கேயே இருந்துவிடுங்கள். கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 14

என் கண்ணுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. கல்யாணம் முடிந்தது. வந்த பெண் நல்ல பெண், அதுதான் என் கஷ்டம். வாயாடியாக இருந்தால் அன்றைக்கே பெட்டியோடு உன்னிடம் வந்திருப்பேன்.

பழங்கள் கறுப்பே இல்லாமல் சிவந்தன. உனக்கென்று ஒன்றை எடுத்து வைத்தேன். எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், தட்டிலேயே அழுகிவிட்டது.

போன வாரம் அவன் பேச்சை நிறுத்தினான். மூன்றாம் நாள் அந்தப் பெண் சமையலறையில் கையில் கரண்டியோடு நின்று, "நான் என்ன அத்தை தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். நீ கேட்ட அதே கேள்வி, நீ நின்ற அதே இடம். அன்றைக்கு உனக்காக நான் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை நேரே அவன் முன்னால் போய், "அவகிட்ட பேசுடா. பேசுற வரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்" என்று நின்றேன். முறைத்தான். முட்டி விண்விண்ணென்று வலித்தது, நகரவில்லை. கடைசியில் பேசினான்.

இன்னொரு தடவை நிறுத்துவான். அப்போது யார் போய் நிற்பது? நான் உன்னிடம் வந்துவிட்டால் அவளுக்கு இந்த வீட்டில் யாருமில்லை. உன் கடிதம் வந்தால் ரெண்டு நாள் என் உடம்பு இங்கேயும் மனசு அங்கேயும் கிடக்கிறது. அவள் ஏதோ கேட்கிறாள், என் காதில் விழுவதில்லை. உனக்கு நான் பாதி அத்தையாக இருந்து என்ன ஆயிற்று என்று பார்த்தாய். அவளுக்காவது முழுசாக இருக்க வேண்டும்.

நீ என் மகள்தான், அதில் மாற்றமில்லை. இதற்குப் பதில் எழுதாதே, கண்ணே. எழுதினால் படிப்பேன், படித்தால் கிளம்பி வந்துவிடுவேன்.

அத்தை