கடைசித் துண்டை எடுத்தது நான்தான்

அன்பு மகள் அன்னிகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், டிராக்டர்தான் இந்தக் குளிரில் நாலு தடவை இருமிவிட்டுக் கிளம்புகிறது. அந்தக் கடலோர வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய். ஐம்பத்து மூன்று வயதில் உனக்கெதற்கம்மா படிப்பு என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நம் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடி இரண்டு வருஷமாகிறது, பிள்ளைத்தாய்ச்சிகள் பனியில் எண்பது மைல் போகிறார்கள். பட்டம் வாங்கிய நர்ஸ் நான்கு பேர் இருந்தால் திறக்கலாம் என்றது நிர்வாகம். மூன்று பேர் கிடைத்தார்கள், நான்காவது ஆளுக்கு ஊரே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்த நாளில் முடித்தது இரண்டு வருஷ நர்ஸ் படிப்புதானே. மீதியையும் நம் ஊர்க் கல்லூரியிலேயே படித்துப் பட்டம் வாங்கலாம் என்றதும் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாளே மானம் போயிற்று. மாலையில் நாலு பேர் கூடும் இடத்துக்கு நான் வெறுங்கையோடு போனதுண்டா? உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தோடு வகுப்புக்குள் நுழைந்தேன். பார்த்தால் பதினெட்டு பேரில் பதினோரு பேர் முன்னால் மூடிய பாத்திரம்! சிகாகோவிலிருந்து வந்த டீச்சர் இமானிக்கு உன் வயதுதான், "இன்னைக்கு யாருக்கு பிறந்தநாள்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வாரம் ஒருவர் சமைத்துக் கொண்டுவருவது என்று முறை போட்டோம்.

பிறகு புள்ளியியல் பரீட்சையில் முப்பத்தெட்டு மார்க். படிப்பை விடுவதாகப் படிவம் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். ஆனால் அந்தச் செவ்வாய் என் முறை, பெயர் கொடுத்துவிட்டுப் போகாவிட்டால் இந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவது? போனேன். வழக்கம்போல எல்லோரும் கடைசித் துண்டைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனார்கள், முழுசாக எடுக்க ஒருத்தரும் இல்லை. இமானி பொறுமையிழந்து, "யாராவது எடுத்துத் தொலைங்களேன், எல்லாரும் மரியாதை பாத்துக்கிட்டே இருந்தா பாத்திரத்தை எப்ப கழுவுறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நான்காவது நர்ஸ் இடம் ஞாபகம் வந்தது. மிச்சமிருந்த துண்டை எடுத்துச் சாப்பிட்டேன், படிவத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் வாரம் மூன்று நாள் இமானியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், "பள்ளிக்கூடப் பொண்ணு வந்தாச்சா?" என்று அப்பா தினமும் கேலி செய்தார்.

மறு பரீட்சையில் எழுபத்தொன்பது, அன்னிகா! மே மாதம் பட்டம், ஜூனில் வார்டு திறக்கிறார்கள். நீ பிறந்த மூன்றாம் அறையில் உடைந்த நாற்காலிகளை அடைத்து வைத்திருந்தார்கள், நேற்று நானும் அப்பாவும் போய் எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு வந்தோம்.

கடவுள் உன்னோடு இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காருக்கு எண்ணெய் மாற்று. பட்டமளிப்புக்குக் கட்டாயம் வா, வெறுங்கையோடு வராதே.

உன் நான்காவது நர்ஸ்,
அம்மா இங்கா