ராணிக்கு நீ கொடுத்த என் வாக்கியம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அடுத்த படப்பிடிப்பு நடக்கும் ஊரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லிவிடுவாய்; அதனால் எழுதுகிறேன். முழுவதும் படி.

நீ அனுப்பிய டிக்கெட்டில் ஞாயிறு பகல் காட்சிக்கு மகளும் நானும் போனோம். குதிரைகள் நன்றாக இருந்தன. கோட்டையும் பரவாயில்லை. வசனம் உன்னுடையது என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படத்தில் வரும் அந்த ராணியின் கதைப்பாடலைத் தேடி எடுத்து, நாற்பது பக்கம் நகல் எடுத்து உனக்கு அனுப்பியவள் நான். அரசன் போரில் இறந்த செய்தி வந்ததும் அவள் கோட்டைக் கதவை அடைத்துப் பதினோரு மாதம் முற்றுகையைத் தாங்குகிறாள். அதெல்லாம் எங்கே போயிற்று? உன் ராணி செய்தி கேட்ட ஐந்தாவது நிமிடம் மதிலேறி ஏரியில் குதிக்கிறாள். தலைமுடிகூடக் கலையவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து நின்று, "இவதான்யா பொம்பளை!" என்று கைதட்டினார். அவர் மனைவி கைதட்டவில்லை. சரித்திரத்தைச் சினிமா திருத்துவது புதிதில்லை. அதற்காக ஒரு தாளை வீணாக்கியிருக்க மாட்டேன்.

குதிக்கும் முன் அவள் சொல்கிறாளே, "இனி எனக்கு என்ன வேலை?" என்று, அதுதான் விஷயம். அது என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன், என் வீட்டுக்காரர் இறந்த காலையில், மருத்துவமனை வராந்தாவில் நர்ஸிடம் நான் கேட்டது. நீ ஃப்ளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றாய். எந்தப் படிவம், எங்கே கையெழுத்து, அவரை வீட்டுக்குக் கொண்டுபோக அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டேன். நர்ஸுக்குப் புரிந்தது. "மூணாம் நம்பர் கவுண்டருக்குப் போங்கக்கா, அவர் அடையாள அட்டையை எடுத்துக்கங்க" என்றாள். எழுத்தாளன் உனக்குப் புரியவில்லை. கேள்வியை எடுத்துக்கொண்டு பதிலை விட்டுவிட்டாய். கோட்டைக் கதவை அடைக்கப்போகிற ராணி கேட்டிருந்தால்கூட அது பொருந்தியிருக்கும்.

போதாததற்குப் பேட்டியில், "அது எங்க அக்கா சொன்ன வார்த்தை" என்று கண்கலங்கியிருக்கிறாய். எங்கள் கல்லூரியில் பத்து வருடமாக என்னோடு பேசாத கணக்குப் பேராசிரியை ஆசிரியர் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை எப்போது எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். மகள்தான் பயந்துபோயிருக்கிறாள். அடுத்த மாதம் முதல் தேதி வேறு ஊரில் வேலையில் சேர வேண்டியவள், வரவில்லை என்று எழுதப்போவதாகச் சொல்கிறாள். என் பிரஷர் மாத்திரைகளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, காலையில் ஒன்றே ஒன்று எண்ணித் தருகிறாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் உடனே, "அம்மா, என்ன பண்றீங்க?" என்று கதவைத் தட்டுகிறாள். குளிக்கப் போனவள் என்ன பண்ணுவாள்? சோப்புப் போடுவாள். கவுண்டர் விஷயத்தை இரண்டு முறை சொன்னேன். "நீங்க எதைத்தான் வெளிய சொல்லியிருக்கீங்க? மாமா பக்கத்துல நின்னவரு, அவருக்குத் தெரியாதா?" என்கிறாள். இருபத்து நான்கு வருடம் அவளை வளர்த்த என்னைவிட, நீ எழுதிய ஒரு வரி அவளுக்கு உண்மையாகிவிட்டது.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். வெற்றி விழா மேடைக்கும் என்னைக் கூப்பிடாதே. அவளுக்குப் போன் செய். அன்று நர்ஸ் சொன்ன பதிலைச் சொல். அக்கா கேட்டதை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று உன் வாயால் சொல். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் சொல். அதற்குமேல் அந்த வேலை அவளுக்காகக் காத்திருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் நின்று கத்தாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்பில் எனக்கு மாற்றமில்லை.

அவள் போக வேண்டும், தம்பி. அவள் போன பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று நீ எழுதத் தொடங்கிவிடாதே. இருந்து பார்த்துவிட்டு நானே சொல்கிறேன்.

உன் அக்கா